கத்தரி வெயிலில் ஒரு பனியாறு

பனி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போவார்கள். நான் உத்திரமேரூருக்குப் போனேன். அதுவும் கத்தரி வெயிலில்.

சென்னை விமான நிலையத்தில் வந்த காரணத்தைக் கேட்டார்கள். "தங்கச்சி வீடு குடிபூரல்" என்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி விழித்தார். "புது வீட்டில பால் காய்ச்சுறது" என்று மாற்றிச் சொன்னதும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டார். நான் சொன்னது பொய்யில்லை. பாதிக் காரணத்தைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். முழுவதையும் சொல்லியிருந்தால் என்னை அடுத்த விமானத்தில் யாழ்ப்பாணத்துக்கே ஏற்றி அனுப்பியிருப்பார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் நான் புவியியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் மட்டையை வெட்டிக் கண்டங்கள் செய்து, மேசையில் ஒட்டிக் காட்டி, பிறகு ஒவ்வொன்றாக நகர்த்துவேன். ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒரே நிலமாகத் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தன. பனியாறுகள் அந்த நிலத்தை அரைத்துக்கொண்டு நகர்ந்தன. அவை விட்டுப்போன களிமண்ணும் கல்லும் காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றுப் படுகையில் மண்ணுக்கு அடியில் இன்றும் இருக்கின்றன. இதையெல்லாம் சொல்லி முடித்த ஒருநாள் முன்வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், நீங்கள் பார்த்தனீங்களோ?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை. இத்தனைக்கும் என் தங்கை நளினி அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். சண்டைக் காலத்தில் படகேறிப் போய், அங்கே அகதி முகாமில் இருந்தாள். முகாமுக்குப் போர்வெல் போட வந்த தணிகாசலம் தண்ணீரையும் கண்டுபிடித்தார், நளினியையும் கண்டுபிடித்தார். இப்போது உத்திரமேரூரில் சொந்தமாகப் போர் வண்டியும் புதுவீடுமாக இருக்கிறார்கள். பால் காய்ச்ச வா என்று அவள் கூப்பிட்டதும் குதித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செங்கல்பட்டில் ஏறிய பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காற்று அடுப்பிலிருந்து எடுத்துப் பரிமாறியதுபோல் வந்தது. வழியில் ஒரு குன்றைப் பாதியாக அறுத்து வைத்திருந்தார்கள். கல்குவாரி. வெட்டிய முகம் கருநீலமாக, எண்ணெய் தடவியதுபோல் வெயிலில் மினுங்கியது. அவ்வளவுதான், என் புத்தி போய்விட்டது.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

கண்டக்டர் ஓடிவந்தார். "இன்னாம்மா, வாந்தி வருதா?"

"இல்லை, கல்லு!"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிறுநீரகத்தில் கல் என்று நினைத்தார்களோ என்னவோ, டிரைவர் பயந்துபோய் நிறுத்தினார். நான் இறங்கி ஓடினேன். பஸ்ஸும் ஓடியது, என் பையோடு.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சுண்ணாம்புக் கல்லின்மேல் வாழ்கிறவர்கள். கிணறு வெட்டினால் சிப்பி வரும். புவியியல் கணக்கில் எங்கள் மண் நேற்றுக் கடலிலிருந்து எழும்பிய பச்சைக் குழந்தை. நான் கைவைத்து நின்ற கல்லுக்கோ வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டு இருக்கும். ஒரு காலத்தில் அதன்மேல் பெரும் மலைத்தொடர் நின்றது. மலையின் பாரத்திலும் பூமியின் சூட்டிலும் அடியில் வெந்த வேர்தான் இந்தக் கல். மழையும் காற்றும் மேலே இருந்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட, வேர் மட்டும் வெளியே தலைகாட்டுகிறது. மலையின் உச்சியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் மலையின் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தேன்! வெயில் உள்ளே இறங்கியிருந்த கல் கையைச் சுட்டது. கையை எடுக்க மனம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. கடைசியில் தர்பூசணி ஏற்றிய சின்ன லோடு வண்டி ஒன்று நின்றது. முன்னால் இடமில்லாததால் பழங்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தேன். பள்ளத்தில் விழும்போதெல்லாம் உருண்டு வருகிற பழங்களைக் காலால் தடுத்தபடி உத்திரமேரூர் வந்து சேர்ந்தேன். கதையைக் கேட்ட டிரைவர், "பஸ்ஸ வுட்டுட்டுக் கல்ல பாத்துக்கினு நின்னியா?" என்று கேட்டார். ஓம் என்றதும் என்மேல் இரக்கப்பட்டு ஒரு பழத்தை அறுத்துக் கையில் கொடுத்தார்.

என் பை எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. பஸ் நிலையத்து டீக்கடையில் கண்டக்டர் இறக்கிவிட, "சிலோன் பேக்கா? போர்வண்டிக்காரு வூட்டுதாத்தான் இருக்கும்" என்று யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களாம். நான் போனபோது எல்லோரும் என் பனங்கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா, இப்டி எளச்சிப் போய்க்கீற?" என்று நளினி கட்டிக்கொண்டாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். முகம் அம்மாவின் முகம். பேச்சு முழுக்க முழுக்க உத்திரமேரூர். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "என்னடி கீற? கீரை எண்டால் கறிக்கு" என்றேன். "நீ கூடத்தான் காமெடியா பேசற" என்றாள். இரண்டு பேரும் வாசலில் நின்று மூச்சு முட்டச் சிரித்தோம்.

மறுநாள் காலை, "அக்கா, கூழ் குடிக்கிறியா?" என்று கேட்டாள். எனக்கு வாயூறியது. எங்கள் ஊரில் கூழ் என்றால், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் கொதிக்கிற பெரும் சமையல். இவள் கொண்டுவந்த செம்பில் கேழ்வரகு மாவு மோரோடு கலந்து நின்றது. பக்கத்தில் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும்.

"நண்டு எங்கையடி?"

"நண்டா?" என்று விழித்தவளுக்குச் சட்டென்று நினைவு வந்து, கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஆனால் அந்த வெயிலில் அந்தக் கூழ் தொண்டையைத் தாண்டியதும், பாதாளம் வரை ஒரு குளிர் இறங்கியது. இரண்டாம் செம்பும் வாங்கிக் குடித்தேன்.

பால் காய்ச்சி முடிந்து, விருந்தாளிகள் கலைந்தபின் என் மற்றக் காரணத்தைத் தணிகாசலத்திடம் சொன்னேன். பெரிய உடம்பும் மெல்லிய குரலும் உள்ள மனிதர். கவனமாகக் கேட்டார்.

"அக்கா, இந்த ஜில்லாவுல எத்தினியோ போர் போட்டுக்கீறேன். செம்மண்ணு வரும், களிமண்ணு வரும், கருங்கல்லு வரும். தண்ணி வரும், சில வாட்டி அதுவும் வராது. ஐஸ் மட்டும் எங்கியும் வந்ததில்ல."

"ஐஸ் உருகிப் போச்சுது தம்பி. அது கொண்டுவந்து போட்ட கல்லைத்தான் தேடுறன்."

"சரி, தேடிப் பாத்துடுவோம்" என்று அடுத்தநாளே பைக்கின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டார்.

வாலாஜாபாத் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் நாஷ்டாவுக்கு நிறுத்தினோம். ஊத்தப்பம் வந்தது. வட்டமாக, தடிப்பாக, ஓரம் மொறுமொறுவென்று. எனக்கு வேறு மட்டை தேவைப்படவில்லை. பிய்க்கத் தொடங்கினேன்.

"இது அந்தாட்டிக்கா. இது ஆப்பிரிக்கா. இந்தா, நடுவில வெங்காயம் இருக்கிற துண்டு இந்தியா. எங்கட இலங்கை இந்தக் கறிவேப்பிலை. உங்கட சென்னைக் கரை அந்தாட்டிக்காவோட ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு பிய்ஞ்சு வடக்க போகத் தொடங்கினது. தலைமயிர் வளருற வேகத்தில. போய்ப் போய் ஆசியாவில முட்டினது." சட்னிக் கிண்ணத்தில் இந்தியாவை இடித்தேன். ஓரம் மடிந்து மேலே எழும்பியது. "இமயமலை!"

பரிமாறுகிறவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். "சாப்புட்ற பொருள வச்சி வெளாடாதம்மா" என்றவர், போகாமல் அங்கேயே நின்றார். பிறகு, "முட்டிக்கினதுன்னா எங்க புள்ளலூர்ல கூட ராஜாங்க முட்டிக்கினாங்களாம். அந்தக் காலத்துல பெரிய சண்டையாம்" என்றார் பெருமையாக. பல்லவரும் சாளுக்கியரும் மோதிய அந்தச் சண்டை நடந்து ஆயிரத்து நானூறு வருடம் இருக்கும். என் கணக்கில் இப்போதுதான் தூசி அடங்கியிருக்கிறது. ஆனால் அவருடைய ஊர்ப் பெருமையைக் கெடுக்க மனமில்லாமல், "ஓமோம், பெரிய சண்டை" என்றேன். அதற்கு அந்தாட்டிக்காவின் மேல் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

பழையசீவரத்தில் மலைக்கோயில் படிகளில் ஏறிப் பார்த்தால் பாலாறு அகலமாகக் கிடந்தது. தண்ணீர் இல்லை, மணல் மட்டும். வழியில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் தணிகாசலம், "இங்க ஐஸ் கல்லு எங்கனா கீதா?" என்று கேட்டார். அந்த நல்ல மனிதர் மாடுகளை விட்டுவிட்டு, குறுக்கு வழியாக எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். மீனுக்கு ஐஸ் கட்டி செய்கிற தொழிற்சாலை. தணிகாசலம் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்தவரை ஏமாற்றக் கூடாதென்று ஒரு கட்டி வாங்கினோம். சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உத்திரமேரூர் வருவதற்குள் அது என் சேலையாகவும் பைக்கின் சீட்டாகவும் மாறிவிட்டது. அன்றைக்கு நான் குளிர்ந்திருந்த ஒரே நேரம் அதுதான்.

"நாளைக்கு பாலாத்துப் பக்கம் ஒரு போர் கீது. எஸ்தர்னு ஒரு அம்மா நெலம். சும்மா வந்து நில்லு, இன்னா வருதுன்னு பாப்போம்" என்றார் தணிகாசலம்.

எஸ்தர் என் வயதுக்காரி. காலமெல்லாம் பிறர் வயலில் நாற்று நட்டவள். முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு துண்டு மேட்டு நிலம் வாங்கியிருந்தாள். அதில் மல்லிகை போட வேண்டும் என்பது அவள் ஆசை. நாற்றுகள் பைகளில், வேப்ப மரத்தடியில், பாதி வாடி நின்றன. தூரத்துக் குழாயிலிருந்து தலையில் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் போர் போட்டு இரண்டும் பொய்த்திருந்தன.

"மூணாவது இது. இதுவும் பூட்டுதுன்னா நெலத்த வித்துட்டு மறுபடியும் களையெடுக்கப் போவ வேண்டியதுதான்" என்றாள். அழுகையோ கோபமோ இல்லாமல் சொன்னாள்.

போர் வண்டி வேலை தொடங்கியது. இரும்புக் கம்பத்தின் முனையில் ஹேமர் என்கிற சம்மட்டி. கம்ப்ரசர் அனுப்பும் காற்று அதை இடிக்க வைத்து, இடிபட்ட தூளையும் மேலே ஊதிவிடும். சத்தத்தில் காது போயிற்று. லீவரைப் பிடித்து நின்றவர் பெயர் குலமணி. நம்மவர் என்று நினைத்து, "எந்த ஊர்?" என்று கேட்டேன். "ஒடிசாம்மா. வருசக் கணக்கா இங்கதான் கீறேன்" என்றார். என் தங்கையை விட நல்ல உத்திரமேரூர்த் தமிழ்.

முதலில் செம்மண் பறந்தது. பிறகு மணல். நாங்கள் எல்லோரும் சிவப்பாகி, பின் வெள்ளையானோம். வெயில் உச்சிக்கு வந்தபோது தூள் நின்று, குழைவாக ஏதோ வரத் தொடங்கியது. நான் குனிந்து எடுத்தேன்.

பச்சை. பாசிப்பயறு நிறத்தில் ஒரு களிமண். விரலில் தேய்த்தால் சந்தனம்போல் நைசாக இருந்தது. அதற்குள் கற்கள். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று பளிங்கு வெள்ளை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத, பெரிதும் சிறிதுமான கற்கள். ஆறு இப்படிப் போடாது. ஆறு சல்லடை மாதிரி, பெரியதை ஓரிடத்திலும் சிறியதை வேறிடத்திலும் பிரித்துப் போடும். பிரிக்காமல் எல்லாவற்றையும் மாவோடு சேர்த்து அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுகிற ஒன்று உண்டு. நெல்லிக்காயளவு கல் ஒன்றைப் புடவையில் துடைத்தேன். ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, அதில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடின. பனிக்கட்டிக்குள் சிக்கி, அடிப்பாறையில் உரசிக்கொண்டே போன கல்!

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கம்ப்ரசர் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பச்சைச் சேற்றை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வண்டியைச் சுற்றி ஓடினேன். பாம்பு கடித்துவிட்டதென்று எஸ்தர் என்னைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

அந்த நேரம் பார்த்து 'டொக்' என்றொரு சத்தம் கேட்டது. கம்பம் சுற்றுவது நின்றது. வண்டி முழுவதும் நடுங்கியது.

"ராடு மாட்டிக்கிச்சி!" என்று குலமணி கத்தினார்.

தணிகாசலத்தின் முகம் மாறியது. உள்ளே ஏதோ பெரிய உருண்டைக் கல் ஹேமரின் பக்கவாட்டில் விழுந்து இறுக்கிவிட்டது. களிமண் சுற்றிலும் பிடித்துக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஹேமர் உள்ளேயே தங்கினால் அவருக்கு இந்த வருடம் தொழில் அவ்வளவுதான் என்று நளினி சொல்லியிருக்கிறாள். சற்று முன் ஆனந்தக் கூத்தாடிய நான், கையிலிருந்த சேற்றை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றேன். முப்பது கோடி ஆண்டுகளாகச் சும்மா கிடந்த கல், என் தங்கை வீட்டுச் சோற்றில் வந்து விழுந்திருந்தது.

"சோப்புத் தூள் கொண்டா" என்றார் தணிகாசலம்.

துணி துவைக்கிற தூளேதான். களிமண்ணை இளக்க அதைத் தண்ணீரில் கரைத்துக் காற்றோடு உள்ளே அனுப்புவார்களாம். கொண்டுவந்திருந்தது போதவில்லை. எஸ்தர் ஓடிப்போய் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் பாக்கெட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். கொடுத்தவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். குலமணி லீவரை மெதுவாக மேலே, கீழே, மேலே, கீழே என்று ஆட்டினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பூமி ஒரு ஏப்பம் விட்டது.

குழியிலிருந்து வெள்ளை நுரை பனை உயரத்துக்குப் பீறிட்டு எழும்பியது. மல்லிகைப் பைகள்மேல், வேப்ப மரத்தின்மேல், வண்டியின்மேல், எங்கள் தலைமேல், கத்தரி வெயிலில் கொத்துக் கொத்தாக இறங்கியது. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள், பிறகு திரும்பி ஓடிவந்தார்கள். தணிகாசலத்தின் மீசையில் நுரை நின்றது. "அக்கா, தோ பாரு, கேட்டியே ஐஸ்!" என்று சிரித்தார். கம்பம் சுற்றியது. ஹேமர் விடுபட்டுவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர் எஸ்தரிடம் போனார். "எஸ்தரு, இதோட மேல எடுத்துடறேன். இன்னும் இந்த மாரி கல்லு எத்தினி கீதோ. மறுபடி மாட்டுச்சின்னா நான் காலி."

எஸ்தர் தலையை மட்டும் ஆட்டினாள். நுரை அப்பிய முகத்தோடு மல்லிகை நாற்றுகளைப் பார்த்தாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. இது பனியாறு விட்டுப்போன மண். பனியாறு அந்தரத்தில நிண்டிராது. அதுக்குக் கீழ அது உரசிப்போன பழைய பாறை கட்டாயம் இருக்கும். அதுக்குள்ள போயிட்டால் குழி சரியாது. மேல் மண்ணுக்குக் குழாய் இறக்கி அடைக்கலாம். அந்தப் பாறையின்ர தலை வெடிச்சு உடைஞ்சு இருந்தால் அதில தண்ணியும் நிக்கக்கூடும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஸ்தர் கிட்டே வந்தாள்.

"டீச்சரம்மா, நீ உள்ள பாத்துக்கீறியா?"

"இல்லை."

"அப்பறம் எப்டி சொல்ற?"

"படிச்சதை வைச்சுத்தான். பிழையாயும் போகலாம், எஸ்தர்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு வாட்டி நல்லா தெரியும்னவங்க சொல்லிப் போட்டேன். இந்த வாட்டி தெரியாதுங்கறவங்க சொல்லிப் போட்டுப் பாப்போம். அண்ணா, உனக்கு சம்மதமா?"

தணிகாசலம் ஹேமரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வூட்டுக்குப் போனா உன் தங்கச்சிக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுக் குலமணிக்குக் கையைக் காட்டினார்.

கேசிங் குழாய் இறங்கியது. மறுபடியும் இடி. பச்சைச் சேறு வந்துகொண்டேயிருந்தது. வகுப்பில் கண்டங்களை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ளியிருக்கிறேன். ஒருநாளும் ஒருவருடைய சம்மட்டியைப் பணயம் வைத்துத் தள்ளியதில்லை. நடுவில் ஒருமுறை கம்பம் தயங்கியது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். மீண்டும் சுற்றும் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன்.

பிறகு இடியின் சத்தம் மாறியது. மண்ணில் அடிக்கிற 'தொப்' போய், கணீரென்றது. குழியிலிருந்து கருநீலத் தூள் புகையாகப் பறந்தது. குவாரியில் என் கையைச் சுட்ட அதே கல்!

எனக்குத் தலை சுற்றியது. பச்சை மண்ணுக்கு முப்பது கோடி வயது. அதற்கு ஒரு சாண் கீழே இருக்கிற கல்லுக்கு இருநூற்றைம்பது கோடி. நடுவில் இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அத்தனை காலமும் பெய்த மழை, வந்துபோன கடல், எழும்பித் தேய்ந்த மலைகள் எதற்கும் அடையாளமாக அந்த இடத்தில் ஒரு விரற்கடை மண்கூட மிச்சமில்லை. ஹேமர் அதை ஒரு நொடியில் தாண்டிப் போய்விட்டது. யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எஸ்தரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா டீச்சரம்மா, மயக்கமா? மோர் குடிக்கிறியா?" என்றாள்.

மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதே தூள் நின்றது. குழி இருமியது. கறுப்புக் குழம்பு கொஞ்சம் துப்பியது. பிறகு தண்ணீர் வந்தது. முதலில் சாம்பல் நிறத்தில், பிறகு கலங்கலாக, பிறகு மாலை வெயிலில் கண்ணாடிபோல், ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஒருவரும் கத்தவில்லை. எல்லாக் கத்தலும் நுரைக்கே செலவாகிவிட்டதோ என்னவோ. எஸ்தர் மட்டும் நிதானமாக நடந்துபோய், குடத்தைப் பிடித்து நிரப்பி, மரத்தடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பைக்கும் ஊற்றினாள். எல்லாவற்றுக்கும் ஊற்றி முடித்தபின்தான் தன் முகத்தில் ஒரு கை அள்ளி அடித்துக்கொண்டாள். அப்படியே குந்தி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

தணிகாசலம் என்னிடம் வந்து, "அக்கா, நீ இங்கியே இருந்துடு. பார்ட்னராப் போட்டுக்கறேன்" என்றார்.

கம்ப்ரசரை நிறுத்தியதும் ஊரே புதிதாகக் கேட்டது. குலமணி கைகழுவிவிட்டு, ஒடிசாவிலிருக்கும் மனைவியைப் போனில் படத்தோடு கூப்பிட்டார். தண்ணீரைக் காட்டத்தான் கூப்பிட்டார். ஆனால் போனைத் திருப்பும்போது அவருக்குப் பின்னால் குவிந்து கிடந்த பச்சை மண்ணும் உருண்டைக் கற்களும் திரையில் விழுந்துவிட்டன. மறுமுனையில் அந்த அம்மாள் திடீரென்று குரலை உயர்த்தினாள். ஒடிய மொழி எனக்குத் தெரியாது. திட்டு எந்த மொழியிலும் விளங்கும்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

குலமணி தலையைச் சொறிந்தார். "எங்க வூட்டுப் பின்னால கெணறு தோண்டுனப்போ இதே பச்ச மண்ணு, இதே கல்லு வந்துச்சிம்மா. கரிச் சுரங்கம் இருக்கற பக்கம் எங்க ஊரு. இப்ப இத்த பாத்துட்டு, 'ஊருக்கு வந்துட்டு வூட்டுக்கு வராம, யார் வூட்டுக் கொல்லையில தோண்டிக்கினு கீற'ன்னு சண்ட போட்றா."

நான் அந்தப் போனைக் கிட்டத்தட்டப் பிடுங்கினேன். இல்லையம்மா, இது தமிழ்நாடு, உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை, உங்கள் கொல்லையிலும் இங்கேயும் இருப்பது ஒரே பனிக்காலத்து மண், அப்போது எல்லாம் ஒரே குளிர், ஒரே நிலம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். குலமணி வரிவரியாக ஒடியத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அம்மாள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள். குலமணி அதைச் சொல்லாமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கோ, என்னவாம்?"

"'எல்லாம் ஒரே எடம்தான்னா, அவ்ளோ கிட்டக்க இருந்துக்கினு ஏன் ரெண்டு வருசமா வரல'ன்னு கேக்கறா."

தணிகாசலம் மீசையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"ஏம்மா, இந்த வாரமே ரயிலேத்தி அனுப்பறேன். திட்டாத" என்றார்.